ஆடியில் எழுதும் தீபாவளிக் கணக்கு

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து பந்தலடியிலேயே நிற்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, கைத்தறித் துறை அலுவலர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே (அது கைத்தறித் துண்டு என்று தொட்டதுமே தெரிந்தது, அதற்குத் தனி நன்றி), ஜவுளிக்கடை நடத்தும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

2026ஆம் ஆண்டுக்கு விளம்பர நாட்காட்டி, அதாவது எந்த வாரம் எந்த விளம்பரம் என்ற ஆண்டுத் திட்டம், போடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி வைத்திருக்கிறேன்: நாள், பணம், ஆள். மூன்றையும் நம் பாட்டன் ஒரே வரியில் முடித்துவிட்டான். ஆடிப் பட்டம் தேடி விதை!

முதலில் நாள். ஓர் ஊரில் ஒரு ஜவுளிக்கடை. 2022இல் தீபாவளி அக்டோபர் 24. வியாபாரம் அமோகம். மறு வருஷம் மாப்பிள்ளைப் பையன் பொறுப்புக்கு வந்தான். பழைய டைரியைப் பிரித்து, தேதி மாறாமல் அப்படியே நோட்டீஸ் அடித்துவிட்டான். 2023இல் தீபாவளி நவம்பர் 12 என்பதை யாரும் பார்க்கவில்லை. அக்டோபர் 24ஆம் தேதி மைக் ஆட்டோ தெருத்தெருவாகப் போகிறது: "தீபாவளித் தள்ளுபடி இன்றே கடைசி! இன்றே கடைசி!" வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஆட்டோவை மறித்தாள். "ஏந்தம்பி, தீவாளி முடிஞ்சிருச்சா? எனக்கு யாருமே எண்ணெய் வைக்கலியே!" ஆட்டோக்காரர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். பாட்டி கேட்டது மூன்று தெருவுக்கும் கேட்டது. சிரிக்கிறீர்கள், கல்லாவில் இருந்தவர் சிரிக்கவில்லை. போனஸ் கைக்கு வருமுன்பே தள்ளுபடி முடிந்தது, நல்ல அளவெல்லாம் தீர்ந்தது, விளம்பரப் பணமும் தீர்ந்தது. கடைசி வாரக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது.

காரணம் எளிது. தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. ஒவ்வொரு வருஷமும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னே நகரும்; சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் அதிக மாதம் புகுந்த வருஷம் பத்தொன்பது நாள் வரை பின்னே தள்ளும். 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அதாவது மறுபடியும் அதே பத்தொன்பது நாள் பள்ளம். ஆனால் இதில் லாபமும் உண்டு. பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு நவம்பர் 1. சம்பளம் வந்த சூடு ஆறாத நாள். பெரிய விளம்பரத்தை அந்த வாரத்துக்கு வையுங்கள்.

ஒரு சார்ட் தாளில் 52 கட்டம் போடுங்கள். மூன்று வருஷப் பில் புத்தகத்தை எடுத்து, வாரவாரியாக விற்றதை எழுதுங்கள். தேதியைப் பார்த்து எழுதாதீர்கள். "தீபாவளிக்கு முந்தின மூன்றாம் வாரம்" என்று பண்டிகையிலிருந்து எண்ணி எழுதுங்கள். பொங்கல் ஜனவரி 15, ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்று சூரியக் கணக்கில் வருவது அதிகம் அசையாது. ரம்ஜானும் தீபாவளியும் அசையும். பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். 45 நாள் முன்னே புகைப்படம். 30 நாள் முன்னே எஸ்.எம்.எஸ். வாசகத்துக்கு டி.எல்.டி. (விளம்பரக் குறுஞ்செய்தி வாசகத்தை முன்கூட்டிப் பதிவு செய்யும் தொலைபேசி நிறுவனங்களின் தளம்) ஒப்புதல், கடைசி வாரம் போய் நின்றால் வாசகம் திரும்பி வரும், திருத்தி அனுப்ப நாள் இருக்காது. 21 நாள் முன்னே அச்சகம். சிவகாசியைப் பாருங்கள்: மறு வருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிடுகிறார்கள். நாள் காட்டுகிறவனே ஆடியில்தான் விதைக்கிறான்!

பணத்துக்கு வருகிறேன். நூறு ரூபாயில் ஐம்பது தீபாவளிக்கு, இருபது ஆடிக்கு, இருபது பொங்கலுக்கும் முகூர்த்தங்களுக்கும். மீதிப் பத்தைத் தொடாதீர்கள். ஐப்பசி மழையில் மைக் ஆட்டோ ஓடாது, அன்று கைபேசி விளம்பரத்துக்கு அதுதான் உதவும்.

மழை என்றதும் தறி ஞாபகம் வருகிறது. தலைவர் மன்னிக்கவேண்டும், நான் எங்கே தொடங்கினாலும் தறியில்தான் வந்து நிற்பேன். உங்கள் 52 கட்டத்துக்குக் கீழே நெசவாளருக்கென்று ஒரு வரி உண்டா? அக்டோபரில் போன் போட்டு "அவசரமா நூறு சேலை" என்கிறோம். அப்போது வடகிழக்குப் பருவமழை. தெருவில் நீட்டிக் கஞ்சி போட்ட பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல், காயாது. குழித்தறியில் குழிக்குள் தண்ணீர் ஊறும். கால் மிதிக்க இடமில்லை. ஒரு பட்டுச்சேலைக்கே வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து, பதினைந்து நாள் ஆகும். சரக்கு வராது. விசைத்தறிச் சேலையில் "கைத்தறி" என்று அட்டை குத்தி விற்கிறோம். நோட்டீஸில் கைத்தறி, கட்டுக்குள் விசைத்தறி. அந்த விளம்பரம் பொய் விளம்பரம், ஐயா!

பணம் கொடுப்பதையும் கட்டத்தில் எழுதுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் போகவேண்டும்; இல்லாவிட்டால் 15 நாளுக்குள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது. கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், முகம் சுளித்துக்கொண்டே ஆமாம் என்பார்.

தலைவர் மணி அடித்துவிட்டார். ஆள் பற்றி இன்னொரு மேடையில். பேனா இருப்பவர்கள் ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 8இலிருந்து நூறு நாள் பின்னே எண்ணினால் ஜூலை 31. ஆடி 15, வெள்ளிக்கிழமை. ஆடிப் பட்டம் தேடி விதை! கடையில் பூஜை முடித்த கையோடு, மழைக்கு முன் பாவு ஏறும்படி தறிக்காரருக்கு ஆர்டரும் முன்பணமும் அன்றே போகட்டும். வணக்கம்.