ஜி.டி.ஏ. பிராக்டிகலில் கை செய்வதை வாயும் சொல்லணும்

வணக்கமுங்க எல்லாருக்கும். பின்னாடி கடகடவென்று சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்க, பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, நான் வீடியோ எடுக்கிறேன் கொஞ்சம் நிறுத்துங்க என்று போய்ச் சொல்ல முடியாது, அது அவர்கள் பிழைப்பு. சென்னிமலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது சத்தமாகவே படாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜி.டி.ஏ., அதாவது ஆஸ்பத்திரியில் பேஷன்ட்டைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் பரீட்சைக்கு எந்தப் புக் படிக்கணும், நோட்ஸ் இருந்தால் அனுப்புங்க அக்கா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். உங்கள் சென்டரிலேயே கொடுத்திருப்பார்கள், அதை ஒழுங்காகப் படித்தால் தியரிக்குப் போதும். நம் பிள்ளைகள் திணறுவது அங்கே இல்லைங்க, பிராக்டிகலில்தான். அதுவும் வேலை தெரியாமல் இல்லை. வார்டில் விட்டால் பம்பரமாகச் சுற்றுகிற பொண்ணு, மார்க் போடுகிற அசெஸ்ஸர் எதிரில் வந்து நின்றதும் வாயைத் திறக்க மாட்டாள். பிளாஸ்டிக் டம்மியைப் பார்த்து "அம்மா, உங்களை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்று சொல்லக் கூச்சம். கடகடவென்று வேலையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நீங்கள் மனசுக்குள் என்ன நினைத்துச் செய்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும்தான் அவர் மார்க் போட முடியும்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி. ஜி.டி.ஏ. என்றால் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் வகுத்த படிப்பு. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது, வீல்சேரில் ஏற்றி இறக்குவது, டெம்பரேச்சர், பல்ஸ் எல்லாம் பார்த்து எழுதுவது, இதுதான் வேலை. இதை முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாமா என்று கேட்பீர்கள். ஆக முடியாது. ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், அதில் ஏதாவது ஒன்றைப் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். குறுக்கு வழியில் சீக்கிரமே நர்ஸ் ஆகலாம் என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அங்கே பணம் கட்டுவதற்கு முன்னால் சான்றிதழை எந்த அமைப்பு கொடுக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பதில் எப்படி வருகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். மற்றபடி வேலைக்குக் குறைவே இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகள் ஒரு பக்கம் என்றால், பிள்ளைகள் பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விட்டு அப்பா அம்மா மட்டும் தோட்டத்து வீட்டில் இருக்கிற குடும்பங்கள் கோபி, காங்கேயம், பல்லடம் பக்கமெல்லாம் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பிராக்டிகல். எந்த வேலை கொடுத்தாலும் ஆரம்பம் ஒன்றுதான். கை கழுவணும், யார் என்று சொல்லணும், பேஷன்ட் பேரைக் கேட்டுக் கையில் கட்டியிருக்கிற பட்டையோடு சரிபார்க்கணும், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி "செய்யலாங்களா?" என்று கேட்கணும், ஸ்கிரீனை இழுத்து விடணும். இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற மாதிரி ஆக்கிக்கொள்ளுங்க. கை கழுவுவது சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப், அதாவது சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், கையின் பின்புறம், எதையும் விடாதீர்கள். குழாயை மூடுவது எதனால்? கை துடைத்த டிஷ்யூவால். கழுவின கையால் குழாயைத் தொட்டால் கழுவினது எதற்கு?

வைட்டல்ஸ், அதாவது பல்ஸ், மூச்சு, பிபி மாதிரி எண்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வைவாவில், அதாங்க வாய்மொழிக் கேள்வியில், கேட்காமல் விட மாட்டார்கள். பெரியவர்களுக்குப் பல்ஸ் நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, டெம்பரேச்சர் 98.6 ஃபாரன்ஹீட், அதாவது 37 செல்சியஸ், பிபி 120க்கு 80, ஆக்ஸிஜன் 95 சதவீதமும் அதற்கு மேலும். எண் எல்லாருக்கும் தெரியும், எடுக்கிற விதத்தில்தான் கோட்டை விடுவார்கள். பல்ஸைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, கட்டைவிரலிலேயே நாடி துடிக்கும், உங்கள் துடிப்பை எண்ணி அவர்கள் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பிபி பார்க்கும்போது கை நெஞ்சு உயரத்தில் இருக்கணும், கஃப், அதாவது காற்றடிக்கிற பட்டை, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, சட்டைக் கைக்கு மேலே சுற்றுவது வேண்டவே வேண்டாம். டீ குடித்துவிட்டு வந்தவருக்கு உடனே வாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது, கால் மணி நேரம் போகட்டும்.

மூச்சு எண்ணுவது இருக்கிறதே, அதை நான் எங்கள் ஆத்தாவை வைத்துத்தான் பழகினேன். ஆத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, வீட்டில் எனக்கு நிரந்தர பேஷன்ட். கட்டிலில் உட்கார வைத்து நெஞ்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தால், "என்ன சாமி, என்னையே உத்துப் பாக்கற, எனக்கு என்னமோ ஆயிருச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடும், அப்புறம் வேண்டுமென்றே மெல்ல மூச்சு விடும், கணக்கு போச்சு. அதனால்தான் மூச்சு எண்ணப் போகிறேன் என்று மட்டும் பேஷன்ட்டிடம் சொல்வதில்லை. பல்ஸ் பார்த்து முடித்ததும் கையை எடுக்காமல் அப்படியே மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, இன்னும் நாடியைத்தான் பார்க்கிற மாதிரி, முந்தானை ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணணும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தானே செய்தாய், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று அசெஸ்ஸர் மடக்குவார். சொன்னால் மூச்சு மாறிவிடும் என்று பதில் சொல்லுங்க, அதற்குத்தான் காத்திருப்பார்.

அடுத்து ஒரு பக்கம் பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை மாற்றுவது. போடும்போது அசைக்க வராத கையில் முதலில் போடணும், கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில் கழற்றணும். இதை மனப்பாடம் செய்தால் பதட்டத்தில் தலைகீழாகிவிடும். ஒரு நாள் வீட்டில் உங்கள் இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அசைக்கவே மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்து ஒரு சட்டையைப் போட்டுக் கழற்றிப் பாருங்க, கையே சொல்லிக்கொடுத்துவிடும். வீல்சேருக்கு மாற்றுவதானால் நாற்காலி பேஷன்ட்டின் நல்ல பக்கம் இருக்கணும், பிரேக் போட்டிருக்கணும், கால் வைக்கிற தகட்டை மடக்கியிருக்கணும். பிரேக் போட்டதும் "பிரேக் போட்டாச்சு" என்று வாயால் சொல்லுங்க. நடத்திக் கூட்டிப் போகும்போது பேஷன்ட் சரிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, இறுக்கிப் பிடித்து நிறுத்துவேன் என்று வீரமாகச் சொல்லாதீர்கள். உங்கள் உடம்போடு சாய்த்துக்கொண்டு, தலை அடிபடாமல் மெதுவாகத் தரையில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, அங்கிருந்து நகராமல் சிஸ்டரைக் கூப்பிடணும்.

படுக்கை விரிப்பதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள், அதில்தான் நிறைய மார்க் போகும். நமக்கு விரிப்புக்கா பஞ்சம், சென்னிமலை பெட்ஷீட் இல்லாத வீடு எது, ஒன்றை எடுத்து உங்கள் கட்டிலிலேயே பழகுங்க. ஆளைப் படுக்க வைத்துக்கொண்டே மாற்றுவதைக் கட்டாயம் பழகணும். ஆளை ஒரு பக்கம் திருப்பி, பழைய ஷீட்டை முதுகு வரைக்கும் உள்பக்கமாகச் சுருட்டி, புதுசை அதே இடத்திலிருந்து விரித்து, நடுவில் மெக்கின்டாஷ், அதாங்க அந்த ரப்பர் ஷீட், அதற்கு மேல் டிரா ஷீட், அதாவது குறுக்கே போடுகிற சின்ன விரிப்பு போட்டு, ஆளை இந்தப் பக்கம் திருப்பி மீதியை இழுக்கணும். எதிர்ப்பக்கம் தடுப்புக் கம்பி ஏற்றியிருக்கா என்று திருப்புவதற்கு முன்னாலேயே பார்க்கணும். அழுக்கு ஷீட்டை உதறக் கூடாது, நெஞ்சோடு அணைத்துத் தூக்கக் கூடாது, தரையில் போடக் கூடாது. கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவை முழுசாகத் தடவிப் பாருங்க, சுருக்கம் இருக்கக் கூடாது. அழகுக்காக இல்லை, எழுந்திருக்க முடியாதவருக்கு அந்தச் சுருக்கமே முதுகில் அழுத்திப் புண்ணாக்கும். படுக்கைப் புண் கேள்வி வந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும் என்பதோடு நிறுத்தாமல் வால் எலும்பு, குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்மண்டை என்று இடங்களையும் சொல்லுங்க. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவேன் என்று சொன்னால் மார்க் போச்சு, சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது.

இப்போது யூடியூப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இதே வேலைக்கு சி.என்.ஏ. என்று பேர், 1987-ல் வந்த சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் வீடியோ இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிற பழக்கத்தை அவர்களிடம் பார்த்துப் பழகலாம், ரொம்ப நல்ல வீடியோக்கள். ஆனால் குப்பை விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்க்காதீர்கள். அங்கே ரத்தம் பட்டது பெரும்பாலும் சிவப்புப் பைக்குப் போகும். நமக்கு 2016 மருத்துவக் கழிவு விதிகள்தான் கணக்கு: ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங் துணி மஞ்சளுக்கு, டியூப், யூரின் பேக், கிளவுஸ், ஊசி இல்லாத சிரிஞ்ச் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் சிவப்புக்கு, ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி ஆம்பியூல், மருந்து பாட்டில் நீலத்துக்கு. சாப்பிட்ட மிச்சமும் பிஸ்கட் கவரும் இந்த நாலிலும் சேராது, அது பொதுக்குப்பை, ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிற அதே குப்பை. கையுறையை எதில் போடுவாய் என்றால் பாதிப் பேர் மஞ்சள் என்பார்கள், நீங்கள் சிவப்பு என்று சொல்லுங்க.

வைவாவில் இன்னொரு பொறி இருக்கிறது, நல்ல பிள்ளைகள்தான் அதில் மாட்டுவார்கள். "டிரிப் மெதுவாக ஏறுகிறது, கொஞ்சம் வேகமாக விடும்மா என்று பேஷன்ட்டின் மகன் சொல்கிறார், என்ன செய்வாய்?" உதவி செய்கிற மனசு, உடனே செய்வேன் என்று சொல்லிவிடுவார்கள். தொடக் கூடாதுங்க. டிரிப், ஆக்ஸிஜன் அளவு, ஊசி, மாத்திரை எதையும் நாம் மாற்றுவதில்லை, சிஸ்டரிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உடனே போய்ச் சொல்லணும். சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "சிஸ்டர், அவருக்கு பிரஷர் ஏறிப்போச்சு, ஸ்ட்ரோக் வரும் போல" என்று போய் நின்றால் அது நம் வேலை இல்லை. "4-ஆம் நம்பர் பெட், பிபி 160க்கு 100, தலை வலிக்குதுன்னு சொல்றார், பேச்சு கொஞ்சம் குழறுது" என்று பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொன்னால் சிஸ்டர் ஓடி வருவார்.

பேச்சைப் பழகுவது எப்படி என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கிற தாத்தா, ஆத்தா, அதுவும் இல்லாவிட்டால் தலையணை, யாரையாவது படுக்க வைத்து, ஒவ்வொரு வேலையையும் போனில் வீடியோ எடுங்க. அப்புறம் சத்தத்தை மட்டும் கேளுங்க, படத்தைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியவில்லை என்றால் இன்னும் பேசணும் என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்க, "வலிக்குதுங்களா ஐயா?", "கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றாலே போதும், இங்கிலீஷ் எல்லாம் தேவையில்லை. கேள்வித்தாள் எந்த மொழியில் வரும் என்பதை மட்டும் சென்டரில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்க.

பரீட்சை அன்றைக்கு நகம் வெட்டியிருக்கணும், வளையல், மோதிரம் கழற்றியிருக்கணும், தலையை இறுக்கிக் கொண்டை போடுங்க, மல்லிகைப் பூவைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். விநாடி முள் இருக்கிற வாட்ச் ஒன்று கட்டாயம், போன் உள்ளே விட மாட்டார்கள், பல்ஸ் எண்ண வேறு வழி கிடையாது. மணிக்கட்டில் கட்டாமல் பாக்கெட்டில் குத்திக்கொள்கிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது, ஈரோட்டில் நர்சிங் யூனிஃபார்ம் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்க. ஆதார் ஒரிஜினலும் எடுத்துக்கொள்ளுங்க. பிபியை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு எடுப்பது மட்டும் இதில் சேர்க்க முடியவில்லை, முதல் சத்தமும் கடைசிச் சத்தமும் உங்கள் காதில் விழுந்தால்தான் புரியும், இந்தத் தறிக்கு நடுவில் அது நடக்காது. அமாவாசைக்கு அவர்கள் லீவு விடுவார்கள், அன்றைக்கு எடுத்துப் போடுகிறேன். வரட்டுங்களா.