தோல் எங்கேடா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பழத்தின் சத்து சதையிலா, தோலிலும் விதையிலுமா?’ என்பது தலைப்பு. தலைப்பு கிடக்கட்டும். எதிரணித் தம்பி என்ன சொல்லிவிட்டுப் போனார்? “அண்ணன் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுத்தான் இந்தப் பேச்சைத் தயாரித்தார்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆமாம் தம்பி, தலையை விட்டேன். உள்ளே என்ன கிடந்தது தெரியுமா? ஆரஞ்சுத் தோல். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் வைட்டமின் சி சுமார் 53 மில்லிகிராம். அதே 100 கிராம் தோலில் 136! வயிறு நிறைந்தது உங்களுக்கு, உடம்பு தேறியது உங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு.

அப்புறம் ஒரு ஆயுதம் எடுத்தார், சயனைடு. “ஆப்பிள் விதையில் விஷம் இருக்கிறது, அண்ணன் ஒரு பிடி மென்று காட்டட்டும்” என்றார். மாட்டேன். எனக்கு அடுத்த வாரமும் பட்டிமன்றம் இருக்கிறது. அந்த விதையில் அமிக்டலின் உண்டு, மென்றால் சயனைடு வரும், உண்மைதான். அதற்காக, ஒரு மாமா முன்கோபி என்றால் சொந்தக்காரர் எல்லோரையுமா வாசலில் நிறுத்துவீர்கள்? பூசணி விதை என்ன பாவம் செய்தது? 100 கிராமில் 30 கிராம் புரதம், 500 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியம்!

இவ்வளவு பேசிய தம்பி, காலையில் ரொட்டியில் ஜாமை அப்பிக்கொண்டிருந்தார். ஜாமை இறுகவைக்கும் பெக்டினைத் தொழிற்சாலையில் எதிலிருந்து எடுக்கிறார்கள்? சாறு பிழிந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும். எங்கள் அணிக்கு வாங்க தம்பி, இடம் இருக்கிறது.

சரி, கணக்கு போதும். சின்ன வயதில் எனக்கும் தங்கைக்கும் ஒரு போட்டி. ஆப்பிள் தோல் அறாமல் ஒரே சுருளாக வர வேண்டும். என் சுருள் முழங்கை வரைக்கும் தொங்கும். அவளுக்குப் பாதியில் அறுந்துவிடும். உடனே, “அண்ணன் ஊதிட்டான்!” என்று அழுவாள். ஊதினால் தோல் அறுமா நடுவரே? அறுந்தது அவள் தோல், அடி விழுந்தது என் தோலில்! ஜெயித்த சுருள், தோற்ற சுருள் இரண்டும் அம்மா வாய்க்குப் போகும். சதை எங்களுக்கு.

அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் ஆப்பிளைச் சீவி, வெள்ளைவெளேரென்று நறுக்கி அம்மாவிடம் நீட்டினேன். “இனிமே நீ தோல் தின்ன வேண்டாம்மா” என்றேன், கண் கலங்க. அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தோல் எங்கேடா?”

“எறிஞ்சிட்டேன்மா.”

“அடப்பாவி, எனக்குப் பிடிச்சதே அதுதான். அதுக்குத்தானே உங்க ரெண்டு பேரையும் போட்டி போடவிட்டேன்!”

ஆப்பிளில் உள்ள குவெர்செட்டின் என்ற தாவரச் சத்து பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது நடுவரே. அந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு பழத்தைக் கழுவி எடுத்துவந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சீவினேன். பழக்கம் விட்டுப்போன கை, பாதியில் அறுந்துவிட்டது. தங்கை எங்களை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அறுந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: “ஊதிட்டாளாடா?”

நன்றி, வணக்கம்.