ஒரு கிராமில் 2,000 மணி

நேயர்களுக்கு வணக்கம். சாமையோ தினையோ சமைக்கிற வீடென்றால், கழுவும்போது விரலிடுக்கில் நழுவி ஓடும் அந்தச் சின்ன மணியை உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதைவிடச் சின்னது ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் விளைகிறது. ஃபோனியோ என்று பெயர். சுமார் 2,000 மணி சேர்ந்தால்தான் ஒரு கிராம். நண்பர் ஒருவர் செனகலிலிருந்து உமியோடு ஒரு கைப்பிடி கொண்டுவந்து தந்தார். மேசையில் காகிதம் விரித்துக் கொட்டினேன். மின்விசிறியை நிறுத்த மறந்துபோனேன். அவ்வளவுதான். இன்றைக்கும் அலமாரிக்கு அடியில் கூட்டினால் நாலு மணி வரும்.

கினியின் ஃபூட்டா ஜாலோன் மலைப்பகுதி, மாலி, தெற்கு செனகல் எல்லாம் இதற்குத் தாய்வீடு. சத்தில்லாத மண்ணிலும் வரும். சில ரகங்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். சோளமும் கம்பும் பச்சையாக நிற்க, போன வருடக் குதிர் காலியாகிவிட்ட அந்த நாட்களில் அடுப்பில் ஏறுவது இதுதான். மாலியின் டோகோன் மக்கள் இதைப் 'போ' என்கிறார்கள். உலகமே இந்த விதையிலிருந்து விரிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. சமைப்பவளை ஃபோனியோ தலைகுனிய வைக்காது என்று பம்பாரா மொழியில் ஒரு சொலவடை உண்டு. வேர்க்கடலைக் குழம்போடு சாப்பிட்டால் அது ஏன் என்று புரியும்.

சரி, இத்தனை நல்ல தானியம் ஏன் பின்தங்கியது? ருசியில் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. உமிதான். உரலில் இடி, முறத்தில் புடை, மறுபடி இடி. மணி நன்றாக உரசட்டும் என்று மணலையும் கலந்து இடிப்பார்கள். அப்புறம் அந்த மணலைப் போக்க வேண்டுமே! சுரைக்குடுவையில் தண்ணீர் மாற்றி மாற்றி அரிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்தவளும் இடிக்கிற பெண்ணேதான். ஒரு மணி நேரம் மாரடித்தால் ஓரிரு கிலோ. சோற்றில் மணல் கடிபட்டாலோ, பேச்சும் அவளுக்கே. சிறுதானியம் என்றதும் நார்ச்சத்து, இரும்புச்சத்து என்று அடுக்குகிறோமே, இடித்தவளின் தோள்பட்டையைப் பற்றி யாராவது பேசுகிறோமா? எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செனகலில் சனுசி டியாக்கிட்டே என்றொருவர், இயந்திரவியல் வாத்தியார். இடிக்காமல் தேய்த்தே உமியை நீக்கும் ஒரு சின்ன இயந்திரம் செய்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்குகிறோமே, அதே வேலை. எட்டு நிமிடத்தில் ஐந்து கிலோ! 1996இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விருதை விடுங்கள், எட்டு நிமிடம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் விற்பதற்கும் சேர்த்துத் தீட்டலாம். மாலியின் தலைநகர் பமாக்கோவில் பெண்கள் நடத்தும் சிறு தொழிற்கூடங்கள் ஃபோனியோவைக் கழுவி, ஆவியில் அவித்து, உலர்த்திப் பொட்டலம் போடுகின்றன. மணலுக்கு அஞ்சி அரிசிக்குப் போன நகரத்துக் குடும்பங்கள் அதை வாங்குகின்றன. வாங்கும் காசில் ஒரு பங்கு வயலுக்கும் திரும்புகிறது.

இயந்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பேச எண்ணியிருந்தேன். காசு வரும் என்று தெரிந்ததும் உலக்கை பிடித்தவள் கையிலேயே சாவியும் இருக்குமா என்பது என் கவலை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார்.

கானாவின் போல்காட்டங்கா ஊர்ப் புல்கூடைகளுக்குப் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன். இரண்டு வரியில் முடிக்கிறேன். புல்லை வாங்கிப் பிரித்து, முறுக்கி, சாயத்தில் கொதிக்கவிட்டுப் பின்னுவது ஒருவர். கைப்பிடிக்குத் தோல் சுற்றுவது வேறொருவர். அந்தக் கூடை உங்கள் வீட்டில் இருந்து நசுங்கிப்போனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்து, கையால் வடிவம் பிடித்துக் காயவையுங்கள், பழையபடி நிற்கும். நன்றி, வணக்கம்.