சொளவு பக்கத்துல ஒரு காலேஜ்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி வானொலியில வந்து பேசுங்கன்னு கூப்பிட்டதும் எனக்கு ரொம்ப சந்தோசம், ஏன்னா நான் சொல்ல வந்ததே காதால கேட்டுப் படிக்கிறவங்களப் பத்திதான், அத கொஞ்ச நேரத்துல சொல்லுதேன். நான் பாளையங்கோட்டைக்காரன், காமர்ஸ் வாத்தியார். ரொம்ப வருசம் கிளாஸ்ல நின்னு நடத்தினவன், இப்ப சில வருசமா ஒரு யுனிவர்சிட்டிக்காக ஆன்லைன் பி.காம் படிப்ப உருவாக்கி நடத்துற டீம்ல இருக்கேன்.

எங்க போனாலும் மொதக் கேள்வி ஒண்ணுதான். "சார், ஆன்லைன் டிகிரி செல்லுமா?" அத மொதல்ல முடிச்சிருவோம். செல்லும். 2020 செப்டம்பர்ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதிப்படி, முறையா அனுமதி வாங்கின யுனிவர்சிட்டி குடுக்குற ஆன்லைன் டிகிரி நேர்ல போயி படிக்கிற டிகிரிக்கு சமம், கவர்மென்ட் வேலைக்கு எழுதலாம், மேல படிக்கலாம். ஆனா அனுமதி இருக்கான்னு நீங்களே பாக்கணும். யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெப்சைட்ல எந்த யுனிவர்சிட்டிக்கு எந்தப் படிப்புக்கு அனுமதின்னு லிஸ்ட் கெடக்கு. அங்கயே டெப் ஐடின்னு ஒரு அடையாள நம்பர் நீங்க உண்டாக்கணும், அது இல்லாம இப்ப அட்மிசன் கெடையாது. இன்ஜினியரிங், நர்சிங், வக்கீல் படிப்பு இதெல்லாம் ஆன்லைன்ல கெடையவே கெடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடியில ஒரு ரூம் எடுத்து வச்சுக்கிட்டு "பணத்தக் கட்டுங்க, பரீட்சைய நாங்க பாத்துக்கிடுதோம்"னு எவனாவது சொன்னா அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க. யுனிவர்சிட்டி தன்னோட படிப்ப வேற ஆள் கைல ஒப்படைச்சு நடத்த விதியில எடமே கெடையாது.

சரி, செல்லுபடியாகுற டிகிரிதான், நல்ல யுனிவர்சிட்டிதான், ஆனாலும் சேந்தவங்கள்ல நெறைய பேரு பாதியில நின்னு போறாங்களே, ஏன்? அதப் பத்தி பேசத்தான் வந்தேன்.

எங்க அத்தை ஒருத்தி கரஸ்ல படிச்சா. அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு கரஸ்னா உடனே புரியும். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல அஞ்சல் வழிக் கல்விய ஆரம்பிச்சுது, நமக்குன்னு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததே 1990-லதான, அதனால நம்ம பக்கத்துல வேலை பாத்துக்கிட்டே படிச்சவங்க நெறைய பேரு மதுரை கரஸ்தான். அத்தைக்கு பொஸ்தகம் தபால்ல வரும், சணல் கயிறு கட்டி. மொத வருசம் கட்டப் பிரிச்சு படிச்சா. ரெண்டாவது வருசம் வந்த கட்டு பிரிக்காமலே பரண்ல போயிட்டு. அவ இறந்தப்புறம் வீட்ட ஒதுங்க வைக்கும்போது அந்தக் கட்ட நான்தான் எறக்குனேன், கயிறு கூட அவுக்கல. அத்தை புத்திசாலி, கணக்குல கெட்டிக்காரி. அவ நின்னு போனத யாரும் கவனிக்கல, "ஏம்மா பரீட்சைக்கு வரல"ன்னு ஒரு கார்டு கூட போடல. இதுதான் எனக்கு மனசுல தைச்சது. தபால் போயி இப்ப இன்டர்நெட் வந்துட்டு, ஆனா கேக்க ஆள் வந்தாச்சான்னு பாத்தா, பெரும்பாலும் இல்ல.

இங்கிலாந்துல ஓப்பன் யுனிவர்சிட்டின்னு 1969-ல ஆரம்பிச்சாங்க, 1971 ஜனவரியில மொத மாணவங்களுக்கு பாடம் தொடங்குச்சு, பிபிசி ரேடியோவுலயும் டிவியிலயும் பாடம் போகும். எல்லாரும் அந்த டிவி பாடத்தத்தான் பெருசா பேசுவாங்க. ஆனா உள்ள வேலை செஞ்சது என்னன்னா, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர் உண்டு, அவர் விடைத்தாள வாங்கித் திருத்தி, எங்க தப்பு, ஏன் தப்புன்னு பக்கத்துலயே எழுதி திருப்பி அனுப்புவாரு. ரேடியோவும் டிவியும் பாடத்த வீட்டுக்குக் கொண்டு போச்சு, மாணவங்கள விடாம பிடிச்சு வச்சது அந்த டியூட்டருதான்னு நான் நெனைக்கேன்.

நம்ம விதியிலயும் ஆன்லைன் படிப்புக்கு நாலு அங்கம் கட்டாயம். வீடியோ பாடம், படிக்க மெட்டீரியல், சந்தேகம் கேட்டுப் பேச ஒரு எடம், பிறகு மதிப்பீடு. கட்டில் மாதிரி நாலு காலு. ஆரம்பிக்கிறவங்க பணத்தையெல்லாம் மொத ரெண்டு கால்லயே கொட்டிருதாங்க. ஸ்டூடியோ, கேமரா, பின்னாடி பச்சைத் துணி, டை கட்டுன வாத்தியார். நாங்களும் அப்பிடித்தான் செஞ்சோம். மொத செமஸ்டர்ல ஒவ்வொரு பாடமும் அம்பது நிமிசம், அப்பிடியே கிளாஸ்ல நடத்துற மாதிரி. 2014-ல எடெக்ஸ்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்தோட வீடியோக்கள வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க, 69 லட்சம் தடவை பாத்த பதிவ அலசிப் பாத்ததுல, வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் பாதிப் பேரு ஆறு நிமிசத்தத் தாண்டி பாக்கலன்னு தெரிஞ்சுது. அத நாங்க படிச்சிருந்தோம், படிச்சும் அம்பது நிமிசம் எடுத்தோம், ஏன்னா எங்களுக்குப் பழக்கம் அது.

அப்பதான் முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எங்க படிப்புல சேந்திருந்தா. கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைய, வீட்டுல பீடி சுத்துதா. நான் ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு விசேசத்துக்குப் போனவன் அவ வீட்டுக்கும் போனேன். திண்ணையில சொளவ, அதான் மொறத்த, மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, சொளவுல ஒரு பக்கம் தூளு, ஒரு பக்கம் வெட்டுன எலை, நூலு, கத்திரி. போனு பக்கத்துல ஒரு செம்புல சாஞ்சு நிக்கி. பாடம் ஓடுது, என் பாடம்தான். ஆனா அவ கண்ணு போன்ல இல்ல, எலையில இருக்கு. அன்னைக்கு எலை தூள் வாங்குனதுக்கு கணக்குப்படி பீடிய சுத்தி கடையில குடுத்தாகணும், கை நிக்க முடியாது. காது மட்டுந்தான் எனக்குக் கெடைச்சுது. அந்த நேரம் பாத்து வீடியோவுல நான் சொல்லுதேன், "இங்க பாருங்க, இந்தத் தொகைய இதுல இருந்து கழிச்சா இது வருது, இத இங்க கொண்டு போறோம்." எனக்கு அப்பிடியே தூக்கிவாரிப் போட்டுட்டு. எந்தத் தொகை, எதுல இருந்து, எங்க கொண்டு போறோம்? அவளுக்கு ஒண்ணுமே விளங்கியிருக்காதே. கேட்டேன், "எம்மா, இது புரிஞ்சுதா?" "ராத்திரி பிள்ளைய தூங்குன பெறவு திருப்பிப் பாப்பேன் சார், பாதியில நானும் தூங்கிருவேன்"னா.

மறுநாளே அந்தப் பாடத்த திருப்பி எடுத்தோம், தேய்மானப் பாடம், அதாவது ஒரு பொருள் பழசாக ஆக அதோட மதிப்பு கொறையுற கணக்கு. வீட்டுல ஒரு கிரைண்டர் வாங்குதோம், பத்தாயிரம் ரூவா. வருசத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம். நேர்க்கோட்டு முறைனா வருசா வருசம் அதே ஆயிரம் ரூவாதான் கழியும். குறைந்து செல் மதிப்பு முறைனா மொத வருசம் ஆயிரம் போயி மிச்சம் ஒன்பதாயிரம், அடுத்த வருசம் அந்த ஒன்பதாயிரத்துல பத்து சதவீதம், தொள்ளாயிரம் ரூவா, அது போக மிச்சம் எட்டாயிரத்து நூறு. இப்ப நான் சொன்னத கேட்டுக்கிட்டிருக்க உங்கள்ல எத்தனை பேருக்குப் புரிஞ்சுது? ஒரு படமும் காட்டல, ஒரு போர்டும் இல்ல. ரேடியோவுல பேசுறவங்க காலங்காலமா செய்யுறது இதுதான். அப்பயிருந்து எங்க டீம்ல ஒரு பழக்கம் வச்சிருக்கோம், வீடியோ எடுத்து முடிச்சதும் ஒருத்தர் கண்ண மூடிக்கிட்டு கேக்கணும், எங்க புரியலையோ அந்த எடத்த திருப்பி எடுக்கணும், ஒவ்வொண்ணும் ஏழு எட்டு நிமிசத்துக்கு மேல போகக் கூடாது, ஒலி மட்டும் தனியா எறக்கிக்கிடவும் வசதி வேணும். டேட்டா தீந்து போனவங்களுக்கு அதுதான் கை குடுக்கு.

அடுத்தது மூணாவது வாரம். சேந்த உடனே எல்லாருக்கும் ஒரு வேகம் இருக்கும், மூணாவது வாரத்துல பைய அடங்கும். ஏழு நாளா உள்ள வராதவங்க யாருன்னு சாப்ட்வேர் லிஸ்ட் குடுத்துரும், அத வச்சு என்ன செய்யணும்ங்கிறதுதான் கேள்வி. தானா போற மெசேஜ் அனுப்பிப் பாத்தோம், ஒரு பிரயோஜனமும் இல்ல. பெறவு ஆள் போட்டோம், வழிகாட்டின்னு பேரு, அறுபது பிள்ளைக்கு ஒருத்தர், அவங்க வேலையே போன் பண்ணுறது. "ஏன் லாகின் பண்ணல"ன்னு கேக்கக் கூடாது, "எந்தப் பாடத்துல நிக்குதீங்க"ன்னு கேக்கணும். அப்பிடிக் கேட்டா நெசமான காரணம் வெளிய வரும். எங்களுக்கு வந்த ஒரு காரணத்த எந்த மீட்டிங்லயும் யாரும் யோசிச்சிருக்கல. ஓடிபி! அட்மிசன் போடும்போது குடுத்த நம்பர் அண்ணன் நம்பர், அண்ணன் திருப்பூர்ல கம்பெனில வேலை பாக்கான். தங்கச்சி இங்க ஆலங்குளத்துல பாடத்தத் தொறக்கணும்னா அவனுக்கு போன் போட்டு நம்பர் கேக்கணும், அவன் ஷிப்டுல போன எடுக்க முடியாது. இப்பிடி ஒரு பொண்ணு ரெண்டு பொண்ணு இல்ல, பொம்பளப் பிள்ளைய நெறைய பேருக்கு இதான் நெலமை. ஒரு தடவ ஓடிபி போட்டா அந்த போன்ல செமஸ்டர் முடியிற வரை கேக்காதுன்னு மாத்தினோம், லிஸ்ட்ல பாதிப் பேரு திரும்பி வந்தாங்க.

சந்தேகம் கேக்குற பகுதியும் அப்பிடித்தான், மொதல்ல அது வெறிச்சோடிக் கெடந்துச்சு. எல்லாரும் பாக்குற எடத்துல டைப் பண்ணிக் கேக்க கூச்சம், தப்பா எழுதிருவோமோன்னு பயம். ஆனா வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் வந்து குமியும், பின்னாடி கோழி கத்துறதும் குக்கர் விசிலும் சேந்து. அந்தக் கேள்விய பேரு சொல்லாம எடுத்து பொதுவுல போட்டு, அங்க வாத்தியார் பதில் சொல்ல ஆரம்பிச்சோம். பெறவு பைய பைய அவங்களே வந்து எழுத ஆரம்பிச்சாங்க.

காலண்டர் விசயத்துல நாங்க பட்ட பாடு தனி. ஒரு தடவ அசைன்மென்ட் கடைசித் தேதிய பங்குனி உத்திரத்தன்னைக்கு வச்சுட்டோம். நம்ம ஊர்ல அன்னைக்கு யாரு வீட்டுல இருப்பா, எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டிப் போயாச்சு, காட்டுக்குள்ள இருக்க கோயிலுக்கு சிக்னலும் கெடையாது. ஒரு அசைன்மென்ட் கூட வரல. அது எங்க தப்பு, தேதிய மாத்திட்டோம். 2023 டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழை யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஊருக்குள்ள வந்து நாள் கணக்குல கரண்ட் இல்ல, டவர் இல்ல. ஆனா எங்க சாப்ட்வேர் சொன்ன தேதியில டக்குனு பூட்டிட்டு. அத தொறக்க அனுமதி வாங்க நான் ஆபீஸ் ஆபீஸா எழுதினேன், "விதிப்படி முடியாது"ன்னே பதில். வீட்டுக்குள்ள தண்ணி வந்து பொஸ்தகம் நனைஞ்சு கெடக்கவங்கள்ட்ட விதியப் பேசுறதுக்கு எனக்கு வாய் வரல. கடைசில தொறந்தாங்க, ரெண்டு வாரம் கழிச்சு. இப்ப கலெக்டர் லீவு அறிவிச்சா அந்த மாவட்டத்துப் பிள்ளையளுக்கு கடைசித் தேதி தானா தள்ளிப் போற மாதிரி வச்சிருக்கோம்.

விளம்பரத்தப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். "கெடைக்கிற நேரத்துல படிங்க, டிகிரி வாங்குங்க"ன்னு போடுதாங்க. படிப்ப கிரெடிட்னு அலகு அலகா அளக்காங்க, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிக்கணும்னு கணக்கு. செமஸ்டருக்கு 20 கிரெடிட்னு வைங்க, 600 மணி நேரம். ஆறு மாசத்துக்கு அத வகுத்தா தெனமும் மூணு மணி நேரத்துக்கு மேல வருது. இத சேரும்போதே சொல்லணும், வீட்டு ஆளுங்கள்ட்டயும் சொல்லணும். மாமியாருக்கும் புருசனுக்கும் தெரியணும், அந்த மூணு மணி நேரம் அவ சும்மா போன் பாக்கல, படிக்கான்னு. அட்மிசன் அன்னைக்கு வீட்டுல ஒருத்தரயும் வரச் சொல்லி இதப் பேசுதோம். சில பேரு கேட்டுட்டு சேராம போயிருவாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல, பணத்தக் கட்டிட்டு நிக்கிறத விட அது நல்லது. சென்னை ஐஐடி 2020-ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் படிப்புல இத அழகா செஞ்சிருக்காங்க. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், ஆனா சேருறதுக்கு முன்னாலயே நாலு வாரம் நெசப் பாடம் நடத்தி, அசைன்மென்ட் வாங்கி, பெறவு ஒரு தகுதித் தேர்வு. முடியுமான்னு நீங்களே நாலு வாரத்துல தெரிஞ்சுக்கிடலாம். சேந்தப்புறமும் பரீட்சை மையத்துக்கு நேர்லதான் போயி எழுதணும். நடுவுல நிக்க வேண்டி வந்தாலும் அதுவரை முடிச்ச கட்டத்துக்கு ஏத்தபடி சர்டிபிகேட்டோ டிப்ளமோவோ கைல ஒண்ணு உண்டு. எங்க அத்தைக்கு அப்பிடி ஒண்ணு கெடைச்சிருந்தா அந்தக் கட்டு பரண்ல கெடந்திருக்காதுன்னு அடிக்கடி நெனைப்பேன்.

முக்கூடல் பொண்ணு இப்ப கடைசி வருசம். போன மாசம் பாளையங்கோட்டை சென்டர்ல செமஸ்டர் பரீட்சை எழுத வந்தா, சின்னவன கூட்டிட்டு, அவ அம்மா வெளிய வேப்பமரத்தடியில பிள்ளைய வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. வெளிய வந்ததும் என்னப் பாத்து, "சார், காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் நடத்துறவங்க இன்னும் ‘இங்க பாருங்க’ன்னே சொல்லுதாங்க"ன்னா. உண்மைதான், அந்தப் பேப்பர் இன்னும் பழைய ரெக்கார்டிங். வர்ற திங்கக்கிழமை அத திருப்பி எடுக்கோம், எடுத்து முடிச்சதும் மொதல்ல அவளுக்குத்தான் அனுப்பப் போறோம், சொளவு மடியில இருக்கும்போதே கேட்டுட்டு எங்க புரியலைன்னு சொல்லுதேன்னு சொல்லியிருக்கா.

வணக்கம்.