ஜெபம் வறண்டுபோன நாட்களுக்கு 42-ஆம் சங்கீதம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஜெபிக்க முழங்கால் போட்டும் வார்த்தையே வரவில்லை, தேவன் தூரமாகப் போய்விட்டாரோ என்று கலங்குகிறவர்களோடுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன். பக்கத்தில் வேதாகமம் இருந்தால் 42-ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

நீரோடைக்காகக் கதறுகிற மான் என்ற முதல் வசனம் நமக்கு மனப்பாடம். ஆனால் இதைப் பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? 6-ஆம் வசனம் சொல்கிறது: யோர்தான் தேசம், எர்மோன் மலைகள். தேவாலயம் இருந்த எருசலேமுக்கு வெகு வடக்கே. பண்டிகைக் கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போன நாட்களை நினைத்து அங்கே உருகுகிறார். சுற்றியிருக்கிறவர்களோ "உன் தேவன் எங்கே?" என்று கேட்டுக் குத்துகிறார்கள். 3-ஆம் வசனத்திலும் கேட்கிறார்கள், 10-ஆம் வசனத்திலும் கேட்கிறார்கள்.

இவரைத் தேவனை விட்டு விலகினவர் என்று யாராவது சொல்வோமா? இவ்வளவு ஏங்குகிறாரே! அந்த ஏக்கமே அவரைத் தேவனோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். உங்கள் ஏக்கமும் அப்படித்தான்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 5-ஆம் வசனம். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னையே கேட்கிறார். தேவனை நோக்கிக் காத்திரு என்று தனக்கே சொல்கிறார். சரி, கலக்கம் தீர்ந்ததா? அடுத்த வசனத்திலேயே, "என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது" என்கிறார்! அதனால் அதே கேள்வியை 11-ஆம் வசனத்தில் மறுபடி கேட்கிறார். 43-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்திலும் கேட்கிறார். தியானம் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே சத்தியத்தை, மனம் கேட்கிறவரை, திரும்பத் திரும்ப மனதுக்குச் சொல்வது.

ஜெபத்தையும் பாருங்கள். 9-ஆம் வசனத்தில் "என் கன்மலை" என்று தேவனை அழைத்துவிட்டு, அதே மூச்சில் "ஏன் என்னை மறந்தீர்?" என்று கேட்கிறார். நம்பிக்கையும் புலம்பலும் ஒரே வசனத்தில். நாம்தான் நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருந்து, ஜெபிக்காமலே எழுந்துவிடுகிறோம்.

இன்று இரவு இந்தச் சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். எந்த வசனத்தில் தொண்டை அடைக்கிறதோ, அங்கேயே நின்று அதையே ஜெபமாக்குங்கள். மீதியை நாளைக்கு வாசித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத அளவுக்குப் பாரமாக இருந்தால் 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அதன் முடிவில் ஆறுதல் வார்த்தை ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது.