எல்லார் முன்னாலும் திட்டுகிற தலைவர்: ஜென்சன் ஹுவாங் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்குத் தனியாக எடுத்துக்கொள்கிறேன், இரண்டு வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடக் கூடிய கேள்வி இல்லை அது. கிராபிக்ஸ் சிப் செய்கிற அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கைப் பற்றி ஒரு நேயர் கேட்கிறார்: “என்விடியா ஜென்சன் ஹுவாங்குக்குக் கீழே நேரடியாகவே 60 பேர் இருக்கிறார்களாம். யாரோடும் தனியாக உட்கார்ந்து பேசுவதே இல்லையாம். தப்பு நடந்தால் எல்லார் முன்னாலும் வெளுத்து வாங்கிவிடுவாராம். நான் 12 பேரை வைத்து ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன், நானும் இப்படி இருந்து பார்க்கலாமா?”

திட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படி நடத்துகிறார் என்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. அவர் போடுகிற தோல் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோம், பங்கு விலையைப் பற்றிப் பேசுகிறோம், திட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆள் எங்கிருந்து வந்தவர் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1963-ல் தைவானில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பம் தாய்லாந்துக்குப் போனது. ஒன்பது வயதில் அவரையும் அண்ணனையும் அமெரிக்காவில் இருந்த உறவினரிடம் அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் நல்ல பள்ளி என்று நம்பிச் சேர்த்துவிட்ட இடம், கென்டக்கி மாநிலத்தில் ஒரு மலைப்பக்கக் கிராமத்தில், முரட்டுப் பையன்கள் அதிகம் இருந்த ஒரு விடுதிப் பள்ளி. அங்கே இருந்த எல்லாப் பையன்களுக்கும் ஏதாவது ஒரு வேலை உண்டு, இவருக்குக் கிடைத்தது கழிப்பறை கழுவுகிற வேலை. அறையில் கூட இருந்தவன் 17 வயதுப் பையன், எழுதப் படிக்கத் தெரியாதவன். இவர் அவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார், அவன் இவருக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுத்தான். பிறகு பெற்றோரும் அமெரிக்கா வந்து ஓரிகானில் குடியேறினார்கள், இவர் 15 வயதில் டென்னிஸ் என்கிற உணவகத்தில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். 1984-ல் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம், அப்புறம் ஏஎம்டி, எல்எஸ்ஐ லாஜிக் என்று சிப் கம்பெனிகளில் வேலை, வேலை பார்த்துக்கொண்டே 1992-ல் ஸ்டான்ஃபோர்டில் முதுகலை. 1993-ல் கிறிஸ் மலாச்சோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் என்ற இரண்டு நண்பர்களோடு என்விடியா. மூன்று பேரும் உட்கார்ந்து திட்டம் போட்ட இடமும் சான் ஹோசேயில் ஒரு டென்னிஸ் கிளைதான்.

கஷ்டப்பட்டு வந்தவர், அதனால் கறாராக இருக்கிறார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கஷ்டப்பட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் எல்லோரும் இப்படி ஒரு நிறுவனம் கட்டவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய தலைமை உருவானது கென்டக்கியில் இல்லை, 1996 வாக்கில் கம்பெனி கிட்டத்தட்ட செத்துப்போன அந்தக் காலத்தில்தான்.

என்ன நடந்தது என்றால், 1995-ல் அவர்களுடைய முதல் சிப், என்வி1, சந்தைக்கு வந்தது. முப்பரிமாணப் படங்களை வரைய இரண்டு வழி இருந்தது. எல்லோரும் முக்கோணங்களாக உடைத்து வரைந்தபோது இவர்கள் வளைந்த பரப்புகளைக் கொண்டு வரைகிற வேறொரு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டுகளில் முப்பரிமாணப் படம் வரைய உதவும் தன்னுடைய டைரக்ட்3டி மென்பொருளை மைக்ரோசாஃப்ட் முக்கோணத்தின் பக்கம் நிறுத்தியதும் இவர்கள் தனியாக நின்றார்கள். அதே நேரத்தில் ஜப்பானின் சேகா நிறுவனத்துக்கு அடுத்த விளையாட்டுக் கருவிக்கான சிப் செய்து தருவதாக ஒப்பந்தமும் இருந்தது, அதுவும் இதே தவறான முறையில். முடித்துக் கொடுத்தால் தொழில்நுட்பத்தில் பின்தங்கிப் போவார்கள், பாதியில் நிறுத்தினால் பணம் இல்லாமல் சாவார்கள்.

ஹுவாங் சேகாவின் மூத்த நிர்வாகி இரிமாஜிரியிடம் நேரில் போய் உள்ளதைச் சொன்னார். நாங்கள் தேர்ந்தெடுத்த வழி தப்பு, இந்தச் சிப்பை நம்பாதீர்கள், வேறு ஆளைப் பாருங்கள், ஆனால் எங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் நாங்கள் பிழைக்க மாட்டோம் என்று. வேலையை முடிக்காமல் பணம் கேட்பது! இரிமாஜிரி ஒத்துக்கொண்டார், 50 லட்சம் டாலர் வந்தது. 2023-ல் தைவான் தேசியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இந்தக் கதையை ஹுவாங்கே மாணவர்களுக்குச் சொன்னார், அந்தப் பணம் ஆறு மாதம் உயிரோடு இருக்க வழி செய்தது என்று.

அந்த ஆறு மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஊழியர்களை அனுப்ப வேண்டியிருந்தது. மிச்சமிருந்தவர்கள் புதிய சிப்பை முக்கோண முறையில் வடிவமைத்தார்கள். வழக்கமாக மாதிரிச் சிப் அடித்து, சோதித்து, திருத்தி, மறுபடி அடிப்பார்கள். இவர்களிடம் அதற்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. சிப்பைப் போலவே இயங்கிக் காட்டுகிற எமுலேட்டர் இயந்திரம் ஒன்றை வாங்கி, சிப் கையில் வருவதற்கு முன்பே அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராக உற்பத்திக்கு அனுப்பிவிட்டார்கள். 1997-ல் வந்த அந்த ரிவா 128 சிப் கம்பெனியைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு பல வருடம் நம் கம்பெனி மூடுவதற்கு இன்னும் 30 நாள்தான் இருக்கிறது என்று சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டது.

இந்த நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு நேயர் கேட்ட விஷயத்துக்கு வாருங்கள், அப்போதுதான் அந்தத் திட்டுக்கு அர்த்தம் புரியும். எல்லார் முன்னாலும் தப்பைப் பேசு என்று சொல்கிற இந்த மனிதர், தன்னுடைய மிகப் பெரிய தப்பைத் தனக்குப் பணம் கொடுக்கிறவர் முன்னாலேயே போய் ஒத்துக்கொண்டவர். மேடை ஏறுகிற போதெல்லாம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர். முதலில் தன் தப்பு, அப்புறம்தான் மற்றவர்களுடையது. நாம் பார்க்கிற பெரும்பாலான முதலாளிகளிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2003-ல் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 என்று என்விடியாவின் ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்தது, விசிறிச் சத்தம் தாங்க முடியாது, உலகமே கேலி செய்தது. கடைசியில் கம்பெனி ஆட்களே அந்த விசிறியை வைத்துத் தங்களைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தார்கள். அந்தக் கார்டுக்குப் பொறுப்பானவர்களை ஹுவாங் வேலையை விட்டு அனுப்பவில்லை. சில நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், இந்த நிலைமைக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தோம் என்று அவர்களையே விளக்கச் சொன்னார். நிற்க எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு முடிவு எங்கே, எப்படிப் பிசகும் என்று தெரிந்துபோனது, பேசியவர்களுக்கு வேலையும் இருந்தது. ஒருவரை விட்டுவிடுவதைவிட, நசுக்கியாவது அவரை மேலே கொண்டுவருவேன் என்ற பொருளில் ஹுவாங் பேசியிருக்கிறார். கடுமையான பேச்சுதான். ஆனால் உன்னைக் கைவிட மாட்டேன் என்ற உறுதியும் அதற்குள்ளே இருக்கிறது, திட்டு தாங்கக்கூடியதாக இருப்பதற்கு அதுதான் காரணம். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு இருக்கிறவரை எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டுப் பாருங்கள், அவர் உண்மையைச் சொல்லவே மாட்டார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்.

சரி, அந்த 60 பேர், தனிச் சந்திப்பு இல்லை என்கிற விஷயம். அதற்கு அவர் சொல்கிற காரணம் எளிமையானது. ஒருவருக்குச் சொல்லத் தகுந்த விஷயம் என்றால் மற்றவர்களுக்கும் சொல்லலாமே, ஏன் ஒருத்தர் காதில் மட்டும் போட வேண்டும்? தலைவர் தனியறையில் ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று சொல்ல ஆரம்பித்தால், தகவல் தெரிந்தவன் பெரியவன், தெரியாதவன் சின்னவன் என்று ஒரு படிக்கட்டு தானாக வந்துவிடும். அதை உடைக்கத்தான் இத்தனை பேர் நேரடியாக. கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: என் கீழே நேரடியாக இருக்கிறவர்கள் அவரவர் துறையில் உச்சத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு நான் தினம் கைபிடித்து வழிகாட்ட வேண்டியதில்லை. கேள்வி கேட்ட நேயர் இந்த வரியை நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இருக்கிற 12 பேரில் அப்படி எத்தனை பேர்?

அப்புறம் ஐந்து வரி மின்னஞ்சல் என்று அவரிடம் ஒரு முறை உண்டு. கம்பெனியில் எந்த மட்டத்தில் இருக்கிறவரும் தான் முக்கியமாகச் செய்கிற, கவனிக்கிற ஐந்து விஷயங்களைச் சுருக்கமாக எழுதி அனுப்புவார்கள், அவர் காலையில் உட்கார்ந்து அவற்றை நூறு வரை படிப்பாராம். மேலாளர் வழியாக மேலே வருகிற அறிக்கை, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இனிப்புத் தடவப்பட்டு வரும். இது அடியில் இருப்பவர் கண்ணால் பார்த்ததை அப்படியே கொண்டுவருகிறது. எனக்கு அவருடைய முறைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

இதனால் என்ன பலன் என்று கேட்டால் குடாவைப் பாருங்கள். கிராபிக்ஸ் சிப்பை எந்தக் கணக்குக்கும் பயன்படுத்தலாம் என்று 2006-ல் குடா என்ற மென்பொருள் தளத்தைக் கொண்டுவந்தார்கள், விளையாட்டுக்காக வாங்குகிற சாதாரணக் கார்டிலும் அதைச் சேர்த்தார்கள். செலவு ஏறியது, வாங்க ஆள் இல்லை. 2008-ல் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள பங்கு விலை உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அவர் விடவில்லை. 2012-ல் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனின் மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர் என்விடியாவின் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளை வைத்து அலெக்ஸ்நெட் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பைப் பயிற்றுவித்து, படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் தூரத்தில் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துப் பெரிய நிறுவனம் ஒன்று திசை திரும்பப் பல வருடம் ஆகும். என்விடியா சீக்கிரம் திரும்பியது, இடையில் நின்று வடிகட்டுகிற படிகள் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 2023-ல் ஒரு லட்சம் கோடி டாலர் மதிப்பு, 2025-ல் ஐந்து லட்சம் கோடி டாலர்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. அதே மனிதர் செல்பேசிச் சிப்பில் இறங்கித் தோற்றார், 2011-ல் ஐசெரா என்ற மோடம் கம்பெனியை வாங்கி நான்கு வருடத்தில் அந்த வேலையை மூடினார். சிப் வடிவமைப்புகளைச் செய்கிற ஆர்ம் நிறுவனத்தை 4,000 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்து 2022-ல் கைவிட்டார். அலெக்ஸ்நெட் போன்றவற்றுக்கு அடிப்படையான ஆழ்கற்றல் என்கிற முறை சரியான நேரத்தில் வந்தது அதிர்ஷ்டமும்தான். அவருடைய ஆட்கள் விட்டுப் போகாமல் இருப்பதற்குத் தலைமை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, கையில் இருக்கிற பங்குகள் அப்படி வளர்ந்திருக்கின்றன. உங்கள் 12 பேரிடம் அந்தப் பங்கு இல்லை. திட்டு வாங்கினால் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

2024-ல் ஸ்டான்ஃபோர்டில் பேசும்போது, உங்களுக்கு வேதனையும் துன்பமும் நிறையக் கிடைக்கட்டும் என்று மாணவர்களை வாழ்த்தினார். பலர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். தானாக ஏற்றுக்கொள்கிற கஷ்டம் மனிதனை வளர்க்கும், அது உண்மை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுக்கிற கஷ்டத்துக்கு அந்த வாழ்த்தைச் சாட்சியாகக் கூப்பிடுவது அநியாயம், இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு. 12 பேர் என்றால் நீங்கள் ஏற்கெனவே எல்லோரோடும் நேரடியாகத்தான் இருக்கிறீர்கள், அதில் புதிதாகச் செய்ய எதுவும் இல்லை. தனிச் சந்திப்பை நிறுத்தாதீர்கள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையனோ பெண்ணோ, வீட்டுப் பிரச்சினையையோ சம்பளக் குறையையோ 12 பேர் முன்னால் எப்படிச் சொல்வார்கள்? வேலை சம்பந்தமான முடிவுகளை மட்டும் பொதுவில் வையுங்கள், ஏன் இந்த வாடிக்கையாளரை எடுத்தோம், ஏன் அந்த வசதியை விட்டோம் என்று காரணத்தோடு, எல்லோரும் கேட்கும்படி. தப்பு நடந்தால் கூட்டம் போடுங்கள், முதலில் உங்கள் முடிவில் எங்கே பிசகியது என்று நீங்கள் பேசுங்கள், சில தடவை நீங்கள் மட்டுமே பேசினாலும் பரவாயில்லை. மற்றவர்கள் தாங்களாக வாய் திறக்கிற வரைக்கும் யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

ஐந்து வரி மின்னஞ்சலை நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நிபந்தனை, வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது பதில் போட வேண்டும், கெட்ட செய்தி எழுதியவருக்கு நன்றியும் சொல்ல வேண்டும். பதில் வராத இடத்துக்கு யாரும் தொடர்ந்து எழுத மாட்டார்கள்.

நாளைக்கு 12 பேர் 40 பேர் ஆகும்போது, இடையில் ஒரு மேலாளரைப் போடலாமா என்ற கேள்வி வரும். அந்த நேரத்தில் ஹுவாங்கின் 60 பேரை மறுபடி யோசித்துப் பாருங்கள். புதிதாக வருகிற மேலாளர் கீழே இருப்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போகிறாரா, அல்லது நீங்கள் சொல்வதை அவர்களிடமும் அவர்கள் சொல்வதை உங்களிடமும் கடத்த மட்டும் வருகிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அந்த ஆள் உங்களுக்குத் தேவையில்லை.