இரண்டு கிளினிக் கொப்பிகள்

வணக்கம் நேயர்களே. நான் திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். மிட்வைஃப் என்றால்தான் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். மூதூர்ப் பக்கமும் உப்புவெளிப் பக்கமும் வெயிலில் வீடு வீடாகத் திரிந்தவள். எச்.ஐ.வி. உள்ள பெண்கள் கர்ப்பத்தைத் திட்டமிடுவது பற்றித்தான் இன்றைய பேச்சு. பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் வானொலியை மூடிவிடாதீர்கள். அவர்களும் கேட்கட்டும்.

எச்.ஐ.வி. என்றதும் நம்மாட்கள் முதலில் சொல்வது, "இவளுக்கு இனி என்ன பிள்ளையும் குட்டியும்?" என்றுதான். அந்தக் காலம் போய்விட்டது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கும் அகப்படாத அளவுக்கு அடங்கி, அது அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவால் கணவனுக்குத் தொற்றாது. மருந்தே இல்லாவிட்டால், பாலூட்டும் காலத்தையும் சேர்த்து 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்றலாம். கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைத் தொடங்கி வைரஸ் அடங்கியிருந்தால், வயிற்றிலும் பிரசவத்திலும் தொற்றுவது 100க்கு ஒன்று கூட இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் எடுக்கிறார்களே இரத்தம், அதற்கும் இதில் பங்கு உண்டு.

அப்போ பிள்ளை பெறுவதா, எப்போது பெறுவது, இனிப் போதுமா என்பதெல்லாம் அவளுடைய முடிவு. மாமியாருடையதும் இல்லை, மிட்வைஃபுடையதும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். அவளிடம் இரண்டு கிளினிக் கொப்பி. ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுக்கு, அது எல்லாருக்கும் தெரியும்படி அலுமாரிக்கு மேல் இருக்கும். மற்றது எஸ்.டி.டி. கிளினிக் கொப்பி, அதாவது எச்.ஐ.வி.க்கும் பாலியல் நோய்களுக்கும் மருந்து எடுக்கும் இடத்துக் கொப்பி, அரிசி வாளிக்கு அடியில் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பாள். எச்.ஐ.வி. குளிசையைப் பழைய பனடோல் போத்தலுக்குள் போட்டிருப்பாள். இரவு படுக்கப் போகும்போது ஒன்று. "அக்கா, இதைப் போட்டால் விடிய விடியக் கனவு" என்பாள். எஃபாவிரென்ஸ் சேர்ந்த குளிசை அது, அந்த நாளில் பலருக்கும் அதுதான். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கர்ப்பம் தங்காமல் இருக்கக் கையில் தோலுக்கடியில் ஜடேல் என்ற ஹோர்மோன் குச்சி வைத்துக்கொண்டாள். ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்று இருந்தவளுக்கு அதற்குள்ளேயே வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது.

குச்சியும் பழுதில்லை, குளிசையும் பழுதில்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எஃபாவிரென்ஸ் ஈரலைத் தூண்டிவிடும். ஜடேலில் இருந்து கசியும் ஹோர்மோனை ஈரல் வேகமாகக் கரைத்து, ஏறக்குறைய பாதியாக்கிவிடும். குச்சி வைத்தவருக்கு அவள் என்ன குளிசை போடுகிறாள் என்று தெரியாது. குளிசை கொடுத்தவருக்குக் கையில் குச்சி இருப்பது தெரியாது. அவள் இரண்டு இடத்திலும் வாய் திறக்கவில்லை. திறக்கவில்லை என்று அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை நாங்கள்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். அவள் அந்தப் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளைக்குத் தொற்று இல்லை, இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இப்போது பெரும்பாலும் கொடுக்கிற டொலுடெக்ராவிர் குளிசையால் இந்தக் கரைச்சல் இல்லை. ஆனாலும் திரும்பவும் சொல்கிறேன், எந்தக் குளிசை என்று மிட்வைஃபுக்கோ டொக்டருக்கோ சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். குளிசையின் பேர் வாயில் வராவிட்டால் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, கருத்தடைக்கு எது நல்லது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசியை எஃபாவிரென்ஸ் குழப்பாது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப்பில் ஹோர்மோனே இல்லை, செம்புதான், பத்து வருடம் வரை இருக்கும். மருந்து எடுத்து உடம்பு தேறிய பெண் தாராளமாக வைக்கலாம். ஆணுறை மற்ற பாலியல் நோய்களையும் தடுக்கும், ஆனால் கர்ப்பத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். சனம் வழக்கமாகப் பாவிக்கிற விதத்தில் ஒரு வருடத்தில் 100 பெண்களில் 13 பேர் வரை கர்ப்பமாகிறார்கள். அதனால் ஆணுறையோடு வேறொன்றும் வேண்டும். டெப்போ ஊசி போட்டால் எச்.ஐ.வி. இல்லாதவளுக்குத் தொற்றும் ஆபத்துக் கூடுமா என்று நெடுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. ஆபிரிக்காவில் நான்கு நாடுகளில் 7,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஊசி, லூப், குச்சி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி கை காட்டுகிறார், நேரம் போய்விட்டதாம். பிள்ளை பெற விரும்புகிறவர்கள் எப்படி ஆயத்தமாவது என்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது அப்படியே கையில் இருக்கிறது. ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள், வைரஸ் அடங்கியதைப் பரிசோதித்துப் பாருங்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடச் சொல்லி எச்.ஐ.வி.யைக் காட்டி யாராவது நெருக்கினால், ஒப்பமிடாமல் எழும்பி வாருங்கள். நன்றி, வணக்கம்.